ஏழாம் புள்ளி

ஜனவரி 19

இன்று அறுவடை. அறுவடை என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆறு மா நிலத்தில் இறங்கிய மிஷின், நான் டீ போட்டு எடுத்துப் போவதற்குள் கரையேறிவிட்டது. ஓட்டியவர் என்னிடம் சொல்லத் தயங்கி என் வீட்டுக்காரரிடம் சொன்னார்: "எல்லாம் பதரா இருக்குண்ணே. மூட்ட கட்டுற செலவு வேற எதுக்கு?"

இவர் ஒரு கை அள்ளி, உள்ளங்கையில் தேய்த்து, ஊதினார். எல்லாம் பறந்துவிட்டது. வெறும் கையை என்னிடம் நீட்டிக் காட்டினார், என்னவோ நான்தான் உமிக்குள் அரிசி வைக்க மறந்துவிட்டவள் போல.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. மூன்று வருடமாகத் தொண்டை வற்றக் கத்துகிறேன். கிழக்கே இறால் பண்ணைக்காரர்கள் கடல் தண்ணீரைக் குளம் குளமாகத் தேக்கி வைத்திருக்கிறார்கள். அது போட்ட இடத்தில் சும்மா கிடக்குமா? அடியில் ஊறி எங்கள் பக்கம் வருகிறது. இதை வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை, அளந்து சொல்கிறேன். அதுதான் என் வேலை.

ஆராய்ச்சி மையத்துக்காரர்கள் இந்த வட்டாரத்தில் பன்னிரண்டு இடங்களில் இரும்புக் குழாய் நட்டு எண் எழுதியிருக்கிறார்கள். மாதம் ஒரு முறை ஒவ்வொரு குழாயைச் சுற்றியும் ஒரு சாண் ஆழம் குழி வெட்டி மண் எடுக்க வேண்டும். நிழலில் உலர்த்தி, இடித்துச் சலித்து, ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டு பங்கு சுத்த நீர் கலக்கி, மீட்டரை முக்கி உப்பளவைக் குறிக்க வேண்டும். ஒன்றுக்குக் கீழே வந்தால் நல்ல மண். மூன்றைத் தாண்டினால் நெல் பால் பிடிக்காது. ஏழாம் எண் குழாய், கணக்கில் ஏழாம் புள்ளி, எங்கள் வயலில் நிற்கிறது. இந்த மாதம் 3.4.

அளக்கிறவள் நான். நிலத்துக்காரர் என் வீட்டுக்காரர் பக்கிரிசாமி. பெண்டாட்டி சொன்னால் ஏறுமா?

ஜனவரி 23

பண்ணைக்காரர் சோமசுந்தரம் வந்தார். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, துக்க வீட்டுக்கு வந்தவர் போல முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"பக்கிரி, ஒன் வயல்ல இனிமே நெல்லு வௌயாது. அக்கம்பக்கம் எல்லாரும் எங்கிட்ட குடுத்துட்டாவோ. நீ ஒருத்தன் நடுவுல நின்னுகிட்டு என்னா பண்ணப் போற? யோசிச்சி சொல்லு. அவசரம் இல்ல."

உப்பைக் கொண்டுவந்தவரே உப்பாகிவிட்டதே என்று இரங்கல் சொல்ல வருகிறார். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கலாம் என்று நாக்கு துடித்தது. காபி போட்டுக் கொடுத்தேன்.

அவர் போன பிறகு எங்கள் சண்டை ஆரம்பித்தது. கொடுத்துவிட்டு மகளிடம் போய்விடலாம் என்றேன். சௌந்தர்யா திருப்பூரில் இரண்டு வருடமாகக் கூப்பிடுகிறாள். மாடியில் ஒரு அறை சும்மா கிடக்கிறதாம். அங்கே போனால் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும். அது ஒன்று போதும் எனக்கு.

"நீ போ. நா வரல" என்றார்.

ஜனவரி 25

இரண்டு நாளாகப் பேச்சில்லை. இன்று நான்தான் இறங்கி வந்தேன். இறங்கி வந்தது போல நடித்தேன் என்பது சரி.

"இந்தாங்க, ஒண்ணு பண்ணுவோம். ஜூன் மாசம் மண்ணு எடுப்பன்ல, அப்ப ஏழாம் நம்பர் ரெண்டுக்குக் கீழ வந்துட்டுதுன்னா இங்கயே இருப்போம். அதுக்கப்பறம் நா வாயே தொறக்க மாட்டன். வரலன்னா சோமசுந்தரத்துக்குக் குடுத்துட்டு மவகிட்ட போயிரணும்."

கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார். "ரெண்டுக்குக் கீழயா?"

"ஆமா."

"சத்தியமா இருப்பியா?"

"சத்தியமா."

சரி என்றுவிட்டார். எனக்கே ஆச்சரியம். கோடையில் உப்பு இறங்காது, ஏறும். வெயில் மேல்மண்ணைக் காய்ச்சக் காய்ச்ச அடியில் இருப்பதெல்லாம் மேலே வந்து வெள்ளை பூத்து நிற்கும். இது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அவருக்கு மனசுக்குள் சம்மதம், வாயால் சொல்லத்தான் ரோஷம். அதனால் என் பந்தயத்தில் ஒளிந்துகொள்கிறார். ஒளிந்துகொள்ளட்டும்.

பிப்ரவரி 4

வயலில் வேலை இல்லாததால் உப்பளத்துக்கு வேலைக்குப் போகிறார். விளைந்த மண்ணில் உப்பு என்று அழுதுவிட்டு, உப்பை வாரப் போகிறார். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

நேற்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு வியர்த்துக் கொட்டிவிட்டது. டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு இரண்டு பக்கமும் சின்னச் சின்னதாகக் கல் இருக்கிறது என்றார். மருந்தைவிடத் தண்ணீர்தான் முக்கியமாம். வெயிலில் வேலை செய்கிறவர் நாள் முழுவதும் குடித்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். இன்று காலை இரண்டு அஞ்சு லிட்டர் கேனில் நிரப்பி சைக்கிளில் மாட்டி அனுப்பினேன். "முழுசையும் குடிச்சிட்டுத்தான் வரணும், வெறும் கேனத்தான் நான் பாக்கணும்" என்றேன். மாலையில் வெறும் கேன்தான் வந்தது.

பிப்ரவரி 13

எங்கள் தெருவில் நல்ல தண்ணீர் மூன்று நாளைக்கு ஒரு முறை வருகிறது. அடிபம்பில் வருவது உப்பு, மாடுகூட முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். இன்று குழாயடியில் எனக்கும் எதிர்வீட்டுக்காரிக்கும் பெரிய சண்டை. குடத்தை நகர்த்திவிட்டாள் என்று நான், நகர்த்தவில்லை என்று அவள். இரண்டு பேரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். அவள் என்னைச் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது. நான் சொன்னதையும்தான்.

அவர் கேனுக்காகத்தான் இவ்வளவும்.

பிப்ரவரி 20

மண் எடுத்தேன். எல்லாப் புள்ளியும் ஏறியிருக்கிறது. ஏழு மட்டும் 3.4-லிருந்து 3.3. மீட்டரின் தடுமாற்றமாக இருக்கும்.

மார்ச் 6

"அங்க வெயிலு கொல்லுது. இன்னொரு கேனு குடேன்" என்று அவராகக் கேட்டார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் வைத்தியர் சொன்னதைச் செய்து நான் பார்த்ததில்லை. பொழுது விடியுமுன்பே எழுந்து, உப்பளம் கூப்பிடுவதற்கு வெகு நேரம் முன்னாலேயே கிளம்பிவிடுகிறார். உழைக்க இப்படி ஆசை இருந்தது தெரியாமல் போயிற்று என்று கிண்டல் செய்தேன். சிரித்தார்.

மூன்று கேன் என்றால் எனக்கு இரண்டு நடை கூடுதல். போகட்டும். குடித்தால் சரி.

மார்ச் 21

ஏழாம் புள்ளி 2.8.

நம்பவில்லை. மீட்டரை அளவுக் கரைசலில் முக்கிச் சரிபார்த்தேன், சரியாகத்தான் காட்டியது. மண்ணை மறுபடி கலக்கினேன். மறுபடி 2.8. ஆறாம் புள்ளி பக்கத்து வயல். அங்கே 3.9, தரை சுண்ணாம்பு அடித்தது போல் கிடக்கிறது. எங்கள் குழாயைச் சுற்றி மட்டும் வெள்ளை இல்லை. யாரோ வைக்கோல் உதறிப் போட்டிருக்கிறார்கள், ஆடு மேய்க்கிறவர்களாக இருக்கும்.

அவரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை அப்படியே வைத்துவிட்டார். "எவ்வளவு? இன்னொரு வாட்டி சொல்லு."

மார்ச் 30

நாலாம் புள்ளிக்காரர் கண்ணையன் வந்து நின்றார். நிவாரணம் தரப் போகிறார்களாம், உப்பளவைக் கொஞ்சம் ஏற்றி எழுத முடியுமா என்றார். இருப்பதே தலைக்கு மேல் இருக்கிறது, இன்னும் எதற்கு ஏற்ற வேண்டும் என்று கேட்டேன். "நீ என்னா கலெக்டர் பொண்டாட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

இவர் உள்ளே இருந்து சிரிக்கிறார். "அவ கையில அது நடக்காதுப்பா. எனக்கே நடக்காது, ஒனக்கா நடக்கும்?"

பெருமையாகச் சொல்கிறாரா குத்திக் காட்டுகிறாரா தெரியவில்லை. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஏப்ரல் 11

உதடெல்லாம் வெடித்துக் கிடக்கிறது அவருக்கு. சிறுநீர் வரக்காப்பி நிறத்தில் போகிறதாம், எரிகிறதாம். உப்பளக் காற்று அப்படித்தான், உடம்பில் இருக்கிற ஈரத்தை எல்லாம் உறிஞ்சிவிடும். வாழைத்தண்டு கிடைத்தது, சாறு எடுத்துக் கொடுத்தேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தார். மூன்று கேன் தண்ணீர் குடித்தும் இப்படி என்றால், குடிக்காதவர்கள் கதி என்ன?

ஏப்ரல் 22

2.3.

எழுதிவிட்டு வெகுநேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்னி நட்சத்திரம் வரப் போகிறது. மற்ற பதினோரு புள்ளியும் ஏறுகிறது. எங்கள் வயல் மட்டும் இறங்குகிறது. பண்ணையில் எங்கள் பக்கத்துக் குளத்தை வற்றவிட்டிருப்பார்களோ? அடியில் ஏதாவது நல்ல ஊற்று திரும்பியிருக்குமோ? படித்த பாடமெல்லாம் இல்லை என்கிறது. மீட்டர் ஆமாம் என்கிறது. நான் மீட்டர் கட்சி.

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்: சந்தோஷமாக இருக்கிறது. பந்தயத்தில் தோற்கப் போகிறேன், அதற்குச் சந்தோஷப்படுகிறேன். வீட்டுக்கு வரும் வழியில் எந்த விதை போடலாம் என்று யோசித்துக்கொண்டு வந்தேன். மூன்று வருடமாக அந்த வயலைச் சாகப்போகிறவர்களைப் பார்ப்பது போலத்தான் பார்த்திருக்கிறேன், பாசம் வைக்கக் கூடாது என்று. இன்று குழாய்ப் பக்கத்து மண்ணை விரலில் உதிர்த்துப் பார்த்தேன். பொலபொலவென்று உதிர்ந்தது.

ஏப்ரல் 23

சௌந்தர்யா போன் செய்தாள். அறைக்கு வெள்ளையடிக்கட்டுமா என்றாள். ஜூன் கழித்துப் பார்க்கலாம் என்றேன்.

மே 3

இரவுச் சாப்பாட்டுக்குத் தண்ணீர் வைத்தால் தொடுவதில்லை. "பகல் பூரா குடிச்சி குடிச்சி வயிறு ஊதிக் கெடக்கு புள்ள. நீ குடி" என்று என் பக்கம் தள்ளுகிறார். இளைத்துவிட்டார். வேட்டி இடுப்பில் நிற்க மாட்டேன் என்கிறது.

மே 15

குழாயில் தண்ணீர் வந்து ஒரு வாரமாகிறது. எங்கோ பைப் உடைந்துவிட்டதாம். இருந்ததை அவர் கேனுக்கு எடுத்து வைத்துவிட்டு, உப்புத் தண்ணீரில் சோறாக்கினேன். சோறு கஞ்சியும் இல்லாமல் சோறும் இல்லாமல் வந்தது. குளித்தால் தலைமுடி சிக்கு பிடித்துப் பிரிய மறுக்கிறது. இரண்டு கேன் போதும் இன்றைக்கு என்று சொல்லிப் பார்த்தேன். முகம் வாடிவிட்டது. அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் மூன்றாவதையும் நிரப்பினேன்.

மே 20

1.8!

ஜூனுக்கு முன்பே இரண்டுக்குக் கீழே. ஆராய்ச்சி மையத்து ஜெசிந்தா மேடத்துக்கு உடனே போன் செய்தேன். அவருக்குக் குரலே மாறிவிட்டது. "மலர்க்கொடி, உங்க வயல்ல ஏதோ நடக்குது. நான் நேர்ல வந்து பார்க்கிறேன். இது மட்டும் என்னன்னு தெரிஞ்சா எத்தனை பேருக்கு உதவும் தெரியுமா?" என்றார்.

வீட்டில் இவரிடம் சொன்னபோது துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். மேடம் வருகிறார் என்றதும், "அவுங்க எதுக்கு? நீ அளந்தா பத்தாதா?" என்று எரிந்து விழுந்தார். சந்தோஷமான நாளில்கூட இந்த மனுஷனுக்குச் சிடுசிடுப்பு.

மே 24

உப்பளத்தில் விழுந்துவிட்டார். பாத்தியிலேயே விழுந்து, முகமெல்லாம் உப்பு. ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம்.

மே 25

இங்கே ஒரு டாக்டர் இருக்கிறார். வயது முப்பது இருக்கும். ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்கிறார்: "ஏம்மா, இவருக்குக் குடிக்கத் தண்ணியே குடுக்கலையா?"

எனக்கு வந்ததே ஆத்திரம். வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். "தெனம் மூணு கேனு நானே நெரப்பிக் குடுக்குறன். வெறும் கேனத்தான் கொண்டாறாரு. குழாயடியில அடிதடி பண்ணிப் புடிச்சிட்டு வர்ற தண்ணி. நீங்க என்னா சொல்றீங்க?"

"அப்ப அவர் குடிக்கலைம்மா. பல வாரமா குடிக்கலை. கிட்னி ரெண்டும் காய்ஞ்சு போயிருக்கு."

கட்டிலில் இவர் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார். நான் கத்தியதற்குத் துணையாக ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? "ஆமா சார், குடிச்சேன்" என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்?

அந்த டாக்டருக்கு ஒன்றும் தெரியவில்லை. பெரிய டாக்டர் வரட்டும்.

மே 26

பெரிய டாக்டரும் அதையே சொன்னார்.

மே 28

மேடம் வந்தார். சௌந்தர்யா திருப்பூரிலிருந்து வந்து ஆஸ்பத்திரியில் இருப்பதால் நான் வயலுக்குப் போனேன். போக எனக்கு விருப்பமே இல்லை. ஏன் விருப்பமில்லை என்று நேற்று முழுவதும் என்னை நானே கேட்கவில்லை.

மேடம் குழாய்ப் பக்கத்தில் மண் எடுத்தார், அங்கேயே கலக்கினார். 1.7. அவர் முகம் மலர்ந்தது. அப்புறம் நாலு எட்டு தள்ளிப் போய் இன்னொரு குழி வெட்டினார். அங்கே 4.2. இந்தப் பக்கம் நாலு எட்டு, 4.3. எல்லாப் பக்கமும் அப்படியே. நான் மூன்று வருடமாகக் குழாயைவிட்டு ஒரு முழம் தள்ளிக்கூட மண் எடுத்ததில்லை. அதே இடம், அதே ஆழம், அப்போதுதான் போன மாதத்தோடு ஒப்பிட முடியும். அப்படித்தான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் என் வீட்டுக்காரர் ஒருவர்தான்.

மேடம் வைக்கோலை ஒதுக்கினார். ஒரு பாய் அகலத்துக்கு மண் கறுத்து மெத்தென்று இருந்தது. சுற்றிலும் விரல்கடை அகலத்தில் வடிகால் வெட்டி, மேலே வைக்கோல் பரப்பி மறைத்திருந்தது. ஓரத்தில் வட்ட வட்டமாக அச்சு. கேனை வைத்து எடுத்த அச்சு. அதற்குப் பக்கத்தில் இரண்டு சின்னப் பள்ளங்கள். மண்டியிட்டு உட்கார்ந்த முழங்கால் பள்ளங்கள்.

"யாராவது இங்க நல்ல தண்ணி ஊத்துறாங்களா, மலர்க்கொடி?"

அந்தப் பள்ளத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். தினம் தினம், விடியுமுன்னே, மூன்று கேனையும் இங்கே கவிழ்த்துவிட்டு, வெறும் கேனைத் தூக்கிக்கொண்டு உப்பளத்துக்குப் போயிருக்கிறார். அந்த வெயிலில். நாக்கு ஒட்டிக்கொண்டு. சாயங்காலம் வெறும் கேனைக் காட்டி, "நல்ல பிள்ளை" என்று நான் சிரித்ததற்குப் பதிலுக்குச் சிரித்திருக்கிறார்.

மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன், பந்தயம் உட்பட. அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். "நல்ல தண்ணி ஊத்தினா உப்பு இறங்கத்தான் செய்யும். ஆனா பண்ணைக் குளம் அங்க இருக்கிற வரைக்கும் நிறுத்தின உடனே அடியிலிருந்து திரும்ப ஏறிடும். இந்த ஒரு பாய் இடத்துக்கே ஒரு மனுஷனோட தண்ணி போயிருக்கு. ஏழாம் புள்ளியோட கணக்கை நீக்கிடணும். வேற வழி இல்லை."

நீக்குங்கள் என்றேன். இரண்டு மாதம் நான் சந்தோஷப்பட்டேனே, அதை எங்கே கொண்டுபோய் நீக்குவது?

மே 29

சௌந்தர்யாவை டீ குடிக்க அனுப்பிவிட்டுக் கேட்டேன். "வயலுக்குப் போயிருந்தன். பாத்தன்."

அவர் முகத்தில் ஒரு வெளிச்சம். திருடன் பிடிபட்ட முகமே இல்லை அது.

"ஆவுது பாத்தியா? ஒரு பாய் அளவுக்குச் சரியாவுதான்னுதான் பாத்தன். ஆயிட்டுது. அப்ப மிச்சமும் ஆவும்ல?"

"நீங்க செத்துட்டா எவன் வெதைக்கிறது அதுல?"

"நீதான சொன்ன, ரெண்டுக்குக் கீழ வந்தா இருக்கலாம்னு."

"அந்த எடத்துல மட்டும் ஊத்துனா அது ஏமாத்துதானங்க?"

"ஏமாத்து என்னா ஏமாத்து? ஊத்துன தண்ணி பொய்யா? எறங்குன உப்பு பொய்யா?" இருமல் வந்துவிட்டது. அடங்கியதும் மெதுவாகச் சொன்னார்: "எல்லாரும் வித்துட்டாவோ. நாமளும் போயிட்டா அங்க மண்ணு இருந்துச்சின்னு சொல்ல ஆளு இல்ல. எனக்கு வேற ஒண்ணும் தெரியாது புள்ள. நீ அளந்து பாக்குற. நா என்னா பண்றது? ஊத்துனன்."

அவரைத் திட்ட வைத்திருந்த வார்த்தை எல்லாம் எங்கே போயிற்றோ. ஏன் இரண்டு என்று சொன்னேன்? ஜெயிக்கிற பந்தயம் என்று இந்த டைரியில் எழுதி வைத்துச் சிரித்தேனே. நடக்கவே நடக்காது என்று நான் போட்ட எண்ணுக்கு ஒரு மனுஷன் தன் உடம்பை ஊற்றி நடத்திக் காட்டிக்கொண்டிருந்தான். என் கையாலேயே நிரப்பிக் கொடுத்தேன்.

ஜூன் 3

பெரிய டாக்டர் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். ஒரு கிட்னி போய்விட்டது. இன்னொன்று பாதி வேலை செய்கிறது. அதைக் காப்பாற்றலாம், தண்ணீர் குடித்தால், வெயிலில் நிற்காவிட்டால். இன்னொரு கோடை இப்படிப் போனால் ஆள் இருக்க மாட்டார்.

வார்டுக்குத் திரும்பினால் இவர் நர்ஸ் வைத்த தண்ணீரை இரண்டு மடக்கு குடித்துவிட்டு, மிச்சத்தைக் கட்டிலுக்கு அடியில் பாட்டிலில் ஊற்றிக்கொண்டிருக்கிறார். பாட்டில் முக்கால்வாசி நிறைந்திருக்கிறது.

"இது எதுக்குங்க?"

"நீ போறப்ப எடுத்துட்டுப் போயி ஊத்திடு. காஞ்சிடப் போவுது."

வெளியே வந்து சுவரில் தலையை வைத்துக்கொண்டு அழுதேன். சௌந்தர்யா என்னவென்று கேட்டாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

ஜூன் 6

தினம் ஒரே கேள்வி. "மண்ணு எப்ப எடுக்குற?" பத்தாம் தேதி என்றால், "மறந்துடாத" என்கிறார். நான் செய்த சத்தியத்தைச் சௌந்தர்யாவிடமும் சொல்லி வைத்திருக்கிறார், சாட்சிக்கு.

வீட்டுக்கு எடுத்துப் போகச் சொன்ன பாட்டில் தண்ணீரை ஆஸ்பத்திரி வாசல் வேப்பமரத்துக்கு ஊற்றினேன். வயலுக்கு ஊற்றிவிட்டேன் என்றேன். அதுதான் முதல் பொய். எளிதாகத்தான் வந்தது.

ஜூன் 10

காலையில் போய் மண் எடுத்தேன். நீக்கப்பட்ட புள்ளிக்கு யாரும் கணக்குக் கேட்கப் போவதில்லை. இருந்தாலும் முறையாகவே செய்தேன். அதே இடம், அதே ஆழம். நாலாகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கைத் தள்ளி, மிச்சத்தை மெல்லிசாகப் பரப்பி மதியம் வரை நிழலில் உலர்த்தி, இடித்து, சலித்து, கலக்கி, தெளிய விட்டு, மீட்டரை முக்கினேன். இரண்டு முறை முக்கிப் பார்த்தேன்.

1.7. அப்படியே இருக்கிறது. பதினேழு நாள் வெயிலிலும் ஏறவில்லை. வைக்கோல் காப்பாற்றியிருக்கிறது. அவர் அவ்வளவு நன்றாகச் செய்திருக்கிறார்.

நான் வார்டுக்குள் நுழைந்ததும் எழுந்து உட்கார முயன்றார். சௌந்தர்யா முதுகுக்குத் தலையணை வைத்தாள்.

"என்னா வந்துச்சி?"

பஸ்ஸில் வரும்போதெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். உண்மையைச் சொன்னால் பந்தயம் அவருடையது. ஊருக்குப் போவோம், இருப்போம், மூன்று கேனை நிரப்பச் சொல்வார். நான் நிரப்ப மாட்டேன் என்றால் தவழ்ந்தாவது போய் நிரப்புவார்.

"நாலு" என்றேன்.

"என்னாது?"

"நாலு. ஏறிட்டுதுங்க. ஊத்துறத நிறுத்துனதும் அடியிலேர்ந்து ஏறிட்டுது. கோடையில அப்படித்தான் ஏறும்னு சொல்லியிருக்கன்ல."

என் முகத்தையே பார்த்தார். நான் கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் தெரிந்துவிடும். இந்த மனுஷன் என் எண்ணை ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. பிடிக்காத எண்ணைச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வார், சண்டை போடுவார், ஆனால் தப்பாக அளந்திருப்பாய் என்று ஒரு தரம்கூடச் சொன்னதில்லை. இன்றும் சொல்லவில்லை.

"வைக்கோலு கலைஞ்சிருந்துச்சா?" என்று மட்டும் கேட்டார்.

"இல்லங்க. எல்லாம் நீங்க போட்டபடிதான் இருந்துச்சி."

"சரி."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சௌந்தர்யா என் கையைப் பிடித்தாள். பக்கத்துக் கட்டிலில் யாரோ ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் தோள் குலுங்குகிறதா என்று பார்த்தேன். குலுங்கவில்லை. அசையவே இல்லை. அதைப் பார்ப்பதற்குக் குலுங்கியிருந்தால் தேவலாம்.

ரொம்ப நேரம் கழித்துத் திரும்பினார். "சோமசுந்தரத்துக்குச் சொல்லி அனுப்பு" என்றார். அப்புறம், "தண்ணி இருக்கா?"

டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். இரண்டு மடக்கில் நிறுத்தவில்லை. கடைசிச் சொட்டு வரை குடித்தார். கட்டிலுக்கு அடியில் இருந்த பாட்டிலைக் காலால் என் பக்கம் தள்ளினார்.

"அதையும் ஊத்து" என்றார். அதே டம்ளரில் ஊற்றினேன்.